எடை குறைக்கும் முன் உங்களைப் படியுங்கள்: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

என் பழைய நோட்டு ஒன்றில் நான்கு இடங்களில் ‘நாள் 1’ என்று எழுதியிருக்கிறது. நான்குமே திங்கட்கிழமை. அதிகபட்சம் போனது நாள் 19 வரை. ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்தில் ஓர் உணவுப் பட்டியல், ஒவ்வொரு முறையும் வேறு பட்டியல். ஐந்தாவது முறைதான் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளினேன். அடுத்த 16 மாதத்தில் 13 கிலோ இறங்கியது.

அதன் பிறகு தெரிந்தவர்கள் பலர் தொடங்கும்போது கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்பது அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் முன்பே தெரியும். தான் எந்த நேரத்தில், எந்த மனநிலையில், எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பது தெரியாது. தடுக்கி விழுந்ததெல்லாம் அங்கேதான். ஆகவே இதில் உணவுப் பட்டியல் கிடையாது. வரிசையாகச் சில வேலைகள் இருக்கின்றன. அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். முக்கியமாக, 3-ஐ முடிக்காமல் 5-க்குத் தாவாதீர்கள்.

0. முதலில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியவை

சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு, ஒரு பேனா. போனிலும் எழுதலாம். ஆனால் எழுதப் போனைத் திறந்தவர் வேறெதையோ பார்த்துவிட்டு எழுதாமலே மூடிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எடை மெஷின் ஒன்று. எப்போதும் ஒரே மெஷின், ஒரே இடம், கெட்டியான தரை. தையல்காரர் டேப் ஒன்று, இடுப்பை அளக்க. முதல் நாள் எடையையும் இடுப்பளவையும் குறித்துவிட்டு இரண்டையும் எடுத்து வையுங்கள். 14 நாளைக்கு அவற்றுக்கு வேலை இல்லை.

அந்த 14 நாளும் எதையும் மாற்றாமல் இருக்கும் பொறுமை வேண்டும். இந்தச் சாமான்களில் கிடைக்கச் சிரமமானது இதுதான்.

1. மருத்துவரிடம் ஒரு நடை

தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலும், ஸ்டீராய்டு, இன்சுலின், மனநல மருந்துகளில் சில என்று எடுத்துக்கொண்டிருந்தாலும் எடை ஏறலாம். இது தெரியாமல் தொடங்கினால், உடம்பின் கோளாறை உங்கள் மனத்திடமின்மை என்று எண்ணி நொந்துகொள்வீர்கள்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தாமாகச் சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருந்தின் அளவையும் கூடவே மாற்ற வேண்டிவரும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றும் பழக்கமோ பட்டினி கிடக்கும் பழக்கமோ முன்பு இருந்தவர்கள் இந்த வழிகாட்டியைத் தனியாகப் பின்பற்ற வேண்டாம்.

2. காரணத்தைத் தோண்டுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரி: ‘நான் ஏன் எடை குறைக்க வேண்டும்?’

முதலில் வரும் பதில் பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது. ‘ஆரோக்கியத்துக்காக’ என்பது எங்கோ படித்த பதில். ‘கல்யாணத்தில் ஒரு மாதிரி பார்த்தார்கள்’ என்பது அடுத்தவர் கண்ணிலிருந்து வந்த பதில். எழுதுங்கள், தப்பில்லை. கீழே ‘அதனால் என்ன?’ என்று நீங்களே கேட்டு மறுபடி எழுதுங்கள். நாலைந்து தடவை கேட்டால் பேனா ஓரிடத்தில் தயங்கும். அந்த இடத்தில் வரும் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

என் பதில்கள் இப்படி இறங்கின: ஆரோக்கியத்துக்காக. அதனால் என்ன? முட்டி வலிக்கிறது. அதனால் என்ன? தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையூன்ற வேண்டியிருக்கிறது. அதனால் என்ன? மகள் தரையில் உட்கார்ந்து விளையாடக் கூப்பிட்டால் ‘அப்புறம்’ என்று சொல்லிவிடுகிறேன். அந்த வரிக்குக் கீழே எழுத எதுவும் வரவில்லை.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தும் விஷயம் இது: தனக்கே முக்கியம் என்று பட்டுச் செய்யும் வேலை நிலைக்கும். வெட்கத்துக்கோ வற்புறுத்தலுக்கோ செய்யும் வேலை, வற்புறுத்துபவர் நகர்ந்ததும் நின்றுபோகும். ‘என் கணவர் சொல்கிறார்’ என்று தொடங்கியவர் கணவருடன் சண்டை வந்த அன்று என்ன செய்வார், யோசித்துப் பாருங்கள். ஒருவர் அன்று முழு டப்பா பிஸ்கட்டைக் காலி செய்தார். பழிவாங்கினாராம்!

பிறகு இரண்டு எண்கள் எழுதுங்கள். இது எனக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை. செய்ய முடியும் என்று எவ்வளவு நம்புகிறேன், அதுவும் 0 முதல் 10 வரை. வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்நிக் இருவரும் வளர்த்த ஆலோசனை முறையில் உள்ள அளவுகோல் இது. நம்பிக்கைக்கு 4 போட்டால் ‘ஏன் 10 இல்லை?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன் 2 போடாமல் 4 போட்டேன்?’ என்று கேளுங்கள். முதல் கேள்வி குறைகளை அடுக்கும். இரண்டாவது கேள்விக்கு, நீங்கள் ஏற்கெனவே எதையோ விடாமல் செய்து காட்டிய நினைவுகள் பதிலாக வரும்.

முக்கியத்துவம் 5-க்குக் கீழே இருந்தால் இப்போதைக்கு நோட்டை மூடிவிடுங்கள் என்பேன். வீட்டில் நோயாளி, வேலையில் நெருக்கடி என்று இருக்கும் காலத்தில் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதே பெரிய காரியம். அரை மனதாகத் தொடங்கிப் பாதியில் விட்டால் ‘எனக்கு வராது’ என்ற எண்ணம்தான் இன்னொரு சுற்று தடிக்கும்.

3. பதினான்கு நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

வாயில் போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நேரம், என்ன, எங்கே, பசி எவ்வளவு (0 முதல் 10), அப்போது மனசு எப்படி. கலோரிக் கணக்கு இப்போது வேண்டாம். என் நோட்டிலிருந்து ஒரு நாளின் பின்பாதி:

‘4.10, பிஸ்கட் 3, ஆபீஸ், பசி 2, மீட்டிங் முடிந்து எரிச்சல்.
6.45, ஒன்றுமில்லை, பஸ், பசி 6.
8.00, இரவுச் சாப்பாடு, வீடு, பசி 8, வேகமாகச் சாப்பிட்டேன்.
9.30, மகள் தட்டில் மீந்தது, நின்றுகொண்டே, பசி 0.
11.15, இனிப்பு ஒரு துண்டு, பிறகு இன்னொன்று, பசி 1, தூக்கம் வரவில்லை.’

இதில் 9.30 வரியை முதல் மூன்று நாள் நான் எழுதவே இல்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அது சாப்பாடு என்றே தோன்றவில்லை. நின்றபடி வாயில் போட்டது, சமைக்கும்போது ருசி பார்த்தது, அடுத்தவர் பொட்டலத்தில் கைவிட்டது எல்லாம் நினைவில் பதிவதில்லை. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1,200 கலோரிகூடச் சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் கணக்கில் வரவே இல்லை. உடலுழைப்பையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்களின் உடம்பு எரிக்கும் வேகத்தில் குறை ஒன்றும் தென்படவில்லை. பொய் சொல்கிறவர்கள் என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. மறதி எல்லோருக்கும் உண்டு, அதற்குத்தான் நோட்டு.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் செய்யும் பிழைகளில் முதலாவது, ராத்திரி படுக்கும்போது மொத்தமாக எழுதுவது. அதற்குள் பாதி மறந்திருக்கும். வாய் துடைக்கும் முன் எழுதுங்கள். இரண்டாவது, எழுதுகிறோமே என்று நல்ல பிள்ளையாகச் சாப்பிடுவது. அப்போது நோட்டில் இருப்பது உங்கள் வாழ்க்கை ஆகாது. யாரும் திருத்தப்போகாத நோட்டு இது, மதிப்பெண்ணும் கிடையாது. முதல் வாரம் கொஞ்சம் நடிப்பு கலந்துதான் வரும். 14 நாள் கேட்பது அதனால்தான், இரண்டாம் வாரத்தில் சாயம் வெளுக்கும்.

மூன்றாவது பிழை, தூங்கிய நேரத்தை விட்டுவிடுவது. ஒவ்வொரு நாள் தலைப்பிலும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று போடுங்கள். தூக்கம் குறைந்த மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் ஏறுவது பலருக்கு நோட்டிலேயே தெரியும்.

4. நோட்டைப் படியுங்கள்

பதினைந்தாம் நாள் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, பசி 3-க்குக் கீழே இருந்தும் சாப்பிட்ட வரிகளை எல்லாம் சுழியுங்கள். பிறகு சுழித்தவற்றை மட்டும் படியுங்கள். ஒரே நேரமா? ஒரே இடமா? ஒரே ஆளுடனா? ஒரே மனநிலையா?

எனக்கு 31 சுழி வந்தது. அதில் 12 இரவு 11 மணிக்கு மேல். நான்கு முறை பட்டியல் போட்டபோதும் காலை உணவைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்! திருடன் கொல்லைப்புறமாக வந்துகொண்டிருக்க நான் வாசலைப் பூட்டியிருக்கிறேன்.

சிலருக்குச் சுழியே அதிகம் வராது. பசி 8, 9 வரும்வரை சாப்பிடாமல் இருந்துவிட்டு ஒரே மூச்சில் அள்ளிப் போடுபவர்கள் அவர்கள். அவர்களிடம் போய் ‘குறைத்துச் சாப்பிடு’ என்றால் இன்னும் மோசமாகும். அவர்களுக்கு வேண்டியது நேரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு. இன்னும் சிலருக்குக் கோபமோ தனிமையோ சலிப்போ வந்தால் கை டப்பாவுக்குப் போகும். வேறு சிலர் தனியாக இருக்கும்போது அளவாகத்தான் சாப்பிடுவார்கள், கூட்டத்தில் ‘இன்னும் கொஞ்சம்’ என்றால் மறுக்க வாய் வராது.

இன்னொன்றையும் நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிடித்த இனிப்பு வீட்டில் இருந்தால் ஒரு துண்டோடு உங்களால் நிறுத்த முடிகிறதா? முடிகிறவர்களுக்கு முழுத் தடை வேண்டாம், தடை போட்டால் அதே நினைப்பாகிவிடும். நிறுத்த முடியாதவர்களுக்கு ‘கொஞ்சம் மட்டும்’ என்பது தினசரிப் போராட்டம், அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே எளிது. இதில் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால் முதல் வகை ஆள் சொல்லும் யோசனை இரண்டாம் வகை ஆளுக்கு ஒருபோதும் பலிக்காது. நண்பருக்குப் பலித்த டயட் உங்களுக்குப் பலிக்காமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

5. ஒரே ஒரு மாற்றம்

அதிகச் சுழி விழுந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது: ‘இரவு 10-க்குப் பிறகு சமையலறைக்குள் போவதில்லை, தண்ணீர் படுக்கையருகே.’ இரண்டு மாதம் அதை மட்டுமே செய்தேன்.

‘இதனால் எவ்வளவு குறைந்துவிடும்?’ என்று கேட்பீர்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைய நாளொன்றுக்கு 550 கலோரி குறைந்தால் போதும். இரவு இனிப்பும் மீந்த சோறும் சேர்ந்தால் அதில் பாதிக்கு மேல் வந்துவிடும். வாரம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்பதுதான் பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் வேகம். தொடக்க எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்படத் தொடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 முதல் 8 கிலோ. முதல் இலக்காக அதை வையுங்கள். பள்ளிக்கூட நாள் எடைக்குத் திரும்பும் கனவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1944-45-இல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வு இருக்கிறது. ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் வழக்கத்தில் ஏறக்குறையப் பாதி உணவுதான். எடை குறைந்தது, சரி. ஆனால் கூடவே எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு; சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். தாமாக முன்வந்த, மனவலிமைக்குக் குறைவில்லாத ஆட்கள் அவர்கள். கடும் டயட்டில் நீங்கள் சிடுசிடுத்தால் உங்கள் குணத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், பட்டினியின் வேலை அது.

6. ஆர்வம் அடங்கும் நாளுக்கு இப்போதே ஏற்பாடு

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம்மவர்கள் பெயர் வைத்தே சொல்லியிருக்கிறார்கள். டயட் வைராக்கியமும் அந்த ஜாதிதான். கண்ணாடி முன் நின்றபோது வந்தது, மூன்றாம் வாரம் மழையோடு போய்விடும். போகக் கூடாது என்று வேண்டிக்கொள்வதை விட, போன பிறகும் வேலை நடக்கும்படி ஏற்பாடு செய்துவிடுவது மேல்.

அதற்கு ‘இப்படி நடந்தால், இதைச் செய்வேன்’ என்ற வடிவில் வாக்கியங்கள் எழுதுங்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து பரவலாக்கிய முறை. சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவதால், அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை. களைத்த மூளை யோசித்தால் என்ன முடிவெடுக்கும் என்று நமக்குத் தெரியும்.

‘கட்டுப்பாடாக இருப்பேன்’ என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. ‘மீட்டிங் எரிச்சலாக முடிந்தால், இருக்கைக்குப் போகாமல் இரண்டு மாடி இறங்கி ஏறுவேன்’ என்று எழுதினால் உதவும். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்றால், தட்டின் மேல் கை வைத்து “ரொம்ப நல்லா இருந்தது, வயிறு நிறைஞ்சிடுச்சு” என்பேன்.’ சொல்லப்போகும் வசனத்தைக்கூட எழுதிவிடுங்கள். மூன்று வாக்கியம் போதும், முப்பது எழுதினால் எதுவும் நினைவிருக்காது.

ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம் என்பது என் அனுபவம். பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிட்டால் வேலை செய்த திருப்தி பாதி வந்துவிடுகிறது. ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், கேலி செய்யாதவராக. ‘எவ்வளவு குறைந்தது?’ என்று கேட்காமல், ‘இந்த வாரம் எத்தனை நாள் செய்தாய்?’ என்று மட்டும் உங்களைக் கேட்கும்படி அவரிடம் சொல்லிவையுங்கள்.

7. எடை மெஷினைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஊக்கத்தைக் கெடுப்பதில் இதற்கு இணை இல்லை. காலையில், கழிவறைக்குப் போய்வந்து, சாப்பிடும் முன் ஏறுங்கள். ஒருநாள் எண்ணை நம்பாதீர்கள், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள்.

ஒரு வார உதாரணம்: 78.4, 78.9, 78.1, 78.6, 79.2, 78.3, 78.0. சராசரி 78.5. ஐந்தாம் நாள் 79.2 பார்த்தவர் ‘கூடிவிட்டதே’ என்று விட்டிருப்பார். முந்தின இரவு உப்பு கூடியிருக்கும், உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் இப்படி ஏறும். அவர்கள் இந்த மாதத்தின் அதே வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

முதல் வாரச் சந்தோஷத்தையும் அளவாக வையுங்கள். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது இதுதான். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அத்தனையும் கொழுப்பாக இருக்க முடியாது. இருக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 2,200 கலோரி குறைந்திருக்க வேண்டும், அதாவது பலருக்கு ஒன்றுமே சாப்பிடாத கணக்கு. இது தெரியாதவர்தான் இரண்டாம் வாரம் 300 கிராம் மட்டும் இறங்கியதைப் பார்த்து உடைந்துபோகிறார். இறங்கிய எடையில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பது அந்த இரண்டாம் வாரத்தில்தான்.

மெஷினைப் பார்த்தாலே அன்றைய நாள் கெட்டுவிடும் என்றால், தூக்கி வைத்துவிட்டு மாதம் இருமுறை இடுப்பளவு மட்டும் எடுங்கள்.

8. சறுக்கிய நாளுக்கு

சறுக்குவீர்கள். வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்று தோன்றும். 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், வாயைக் கட்டி வாழ்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீம் வைத்தார்கள். மில்க் ஷேக் குடிக்காத அதே வகை ஆட்களைவிட, குடித்தவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்ற எண்ணம் வந்ததும் கை தாராளமாகிவிட்டது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம், அது இரவில் வட்டியோடு திரும்பும். திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம். அன்றைய வரியை எழுதுங்கள், முக்கியமாக அன்றைக்கு. எழுதாமல் விட்ட நாட்களில்தான் என் பழைய ‘நாள் 1’கள் முடிந்திருக்கின்றன.

லண்டனில் 96 பேரை வைத்து நடந்த பழக்க ஆய்வில், புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ‘21 நாளில் பழகிவிடும்’ என்று யாராவது சொன்னால், இருபத்திரண்டாம் நாள் பழகவில்லையே என்று கலங்க வேண்டாம்.

9. நான்கு வாரத்துக்கு ஒருமுறை உட்காருங்கள்

ஒரு மணி நேரம் போதும். முதல் பக்கத்துக் காரணத்தைப் படியுங்கள். இன்னும் அதே காரணம்தானா? மாறியிருந்தால் புதிதாக எழுதுங்கள். எனக்கு எட்டாவது மாதம் மகளோடு தரையில் உட்காருவது சாதாரணமாகிவிட்டது, காரணம் தீர்ந்துபோனது, கூடவே ஆர்வமும். மூன்று வாரம் ஏன் மந்தமாக இருந்தேன் என்று புரியவே இல்லை. இந்தப் பக்கத்தைத் திருப்பியபோதுதான் பிடிபட்டது.

பிறகு சராசரிகளைப் பாருங்கள். ஆறு வாரமாக அசையவில்லை என்றால் மறுபடி ஏழு நாள் 3-ஆம் படியைச் செய்யுங்கள். எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைவு, அதனால் முன்பு போதிய குறைப்பு இப்போது போதாது. அதோடு விட்டுப்போன வரிகள் மெல்லத் திரும்பியிருக்கும். எனக்கு மகள் தட்டு திரும்பியிருந்தது. இம்முறை மணி 9.30 இல்லை, 8.40.

முதல் மாற்றம் யோசிக்காமலே நடக்கிறது என்றால் சிவப்புப் பேனாவை எடுத்து, சுழிகளில் இரண்டாவது பெரிய கூட்டத்தைத் தேடுங்கள். அடுத்த மாற்றம் அங்கிருந்து. அதற்கும் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள்.